கெழக்கு மூலையில ஒரு டெட்மேன்

அந்த விளக்கெ கொஞ்சம் தாத்தி வைங்க. எலே ராஜதாசே, சுவரோட ஒட்டி இருந்தா ஒண்ணும் வராதுண்ணு நெனப்பாக்கும்? இரி, இரி. மழை விட்டாத்தானே வீட்டுக்குப் போவ.

இது நம்ம செல்லசாமிக்க சித்தப்பன் சதாசிவனுக்கு நடந்தது. மோந்தி கழிஞ்ச நேரம்... பாறசாலையில, இப்ப ரெயில் பாதை கெடக்குல்லா, அதுக்கு மேற்கால, கால்வாய் வெட்டுக்குப் போற மண்ணு ரோடு. ஒரு குஞ்சு கெடையாது. தமிழ்நாட்டோட சேக்கணும்ணு ஊரெல்லாம் ஜாதா போன காலமாக்கும். மார்த்தாண்டத்தில போலீசு துப்பாக்கியால வெடி வச்சு ஆளு செத்த ஆடி மாசம். வெளக்கு வைக்கும் முன்னே எல்லாரும் கதவடச்சிருவாவ.

சதாசிவன் புல்டோசர் ஓட்டுறவன். பட்டாளத்தில படிச்ச வேலை. டயர் கெடையாது அந்த வண்டிக்கு. ரெண்டு பக்கமும் இரும்புச் செயின், முன்னால நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு தகடு. நடந்தா... கிளக்... கிளக்... கிரீச்ச்... அடுத்த ஊருக்குக் கேக்கும். ஒரு கூட்டம் ஆளு வெட்டுற மண்ணெ அது ஒத்தைக்குத் தள்ளும். ஓட்டுறவனுக்கு எலும்பு மிச்சம் இருக்காது, அவ்வளவுதான். வேலையெ முடி, முடிண்ணு காண்ட்ராக்டர் விரட்டுனதில சதாசிவன் கண்ணடச்சு ஒறங்கி நாளாச்சு.

அவனுக்க பெஞ்சாதி ஓமனா. அவளுக்க அண்ணன் ஜெயதாஸ் ஜாதாவுக்குப் போனவன் திரும்பி வரல்ல. பல்லுவேதனைக்காரன் அவன், எப்பவும் வாயில கிராம்பு. ஆளு வாறதுக்கு முன்னே மணம் வந்திரும். “அண்ணனெப் பற்றி வல்லதும் கேட்டா ஓடி வந்து சொல்லணும், கேட்டியளா?”ண்ணு அழுதுட்டேதான் இவனெ வேலைக்கு அனுப்புனா. உயிரோட உண்டா, இல்லியா... அது தெரியாம அவ ஒரு வாய் சோறு இறக்கல்ல.

இப்ப ஒரு காரியம் சொல்லணும். மண்ணு வெட்டுற பள்ளத்தில அங்கங்க ஒரு திட்டு வெட்டாம விடுவாவ. அதுக்க தலையில பழைய தரைக்க புல்லு அப்படியே இருக்கும். எவ்வளவு ஆழம் வெட்டியாச்சுண்ணு அதெ வச்சாக்கும் அளக்கது. அளந்து முடிஞ்சா புல்டோசர் ஏறித் தரையோட தரையா நெரத்திரும். அந்தத் திட்டுக்கு இங்கிலீஷ்ல பேரு டெட்மேன். செத்த ஆளுண்ணு அர்த்தமாம். அர்த்தம் ஆருக்கு வேணும்? அங்க ஒரு டெட்மேன் நிக்குது, இங்க ஒரு டெட்மேன் நிக்குதுண்ணு கூலிக்காரனும் சொல்லுவான், ஓவர்சியரும் சொல்லுவாரு.

அண்ணைக்கு சதாசிவன் பள்ளத்துக்கு வந்தப்ப, வெளிச்சம் போடாம ஒரு ஜீப்பு. ஆருக்க ஜீப்புண்ணு இண்ணைக்கும் தெரியாது. உள்ளெ இருந்து ஒருத்தன், மொகம் காட்டல்ல...

“கெழக்கு மூலையில ஒரு டெட்மேன் கெடக்கு. நெரத்திரு.”

“செரி சார்”ண்ணான் இவன். கண்ணு சொருகுது. இதெ முடிச்சா போய்க் கெடக்கலாம், அந்த ஒரு நெனப்புதான்.

மூலை முழுக்க இருட்டு. மண்ணெத் தள்ளிப் போட்டான். மேலெ செயினெ ஏத்தி முன்னும் பின்னும் நடத்துனான். அடியில என்னமோ... மெத்துண்ணு அமுங்கிச்சு. ஈர மண்ணுண்ணு நெனச்சான். டீசல் நாத்தத்துக்கு எடையில சின்னதா ஒரு மணம். கிராம்பு. ஒறக்கம் இல்லாம நமக்குப் பிராந்து பிடிக்குதுண்ணு தலையெ ஒதறிட்டு வீட்டுக்கு நடந்தான். ஓமனா கேட்டா. “ஒண்ணும் கேக்கல்ல”ண்ணு சொல்லிட்டுக் கெடந்துட்டான்.

விடிஞ்சு வந்தா கெழக்கு மூலையில ஒரு திட்டு. தலையில பச்சப் புல்லு. ஓவர்சியர் ஏசுறாரு: “எடோ, அளவு முடிஞ்ச எடத்தில டெட்மேனெ ஏன் விட்டே?” நெரத்துனான். மறுநாளும் நிக்குது. நெரத்துனான். அதுக்கு மறுநாளும்... மண்ணு முளைக்குதோ அண்ணாண்ணு வெட்டுக்காரன் பொன்னப்பன் சிரிச்சான். இவனுக்குச் சிரிக்கவும் சக்தி இல்ல. சவம், இது தீரவே தீராதாண்ணு பல்லெக் கடிச்சிட்டு நெரத்துனான்.

ஒரு சாயந்திரம் லிவரில கை வச்சவன்... வச்சபடியே இருந்துட்டான்.

அந்த ஜீப்புக்காரன் சொன்ன சொல்லு அப்பத்தான் காதில விழுந்தது. டெட்மேன் நிக்கும், மக்கா. திட்டு நிக்கத்தான் செய்யும். கெடக்குண்ணு அந்த வேலையில ஒருத்தனும் சொல்ல மாட்டான். கெடக்குண்ணு சொன்னா... அது மண்ணில்ல.

எறங்கிப் போய் மொழங்கால் போட்டான். திட்டுக்குக் கிட்ட மொகத்தெக் கொண்டு போனான். கிராம்பு. “அளியோ... மச்சினா...”ண்ணு விளிச்சான். பிள்ளையெப் போல ஏங்கி ஏங்கி அழுதான். தெரியாம செய்துட்டேன், இனி நெரத்த மாட்டேன் அளியோண்ணு சத்தியம் பண்ணுனான். வண்டியெ அப்படியே விட்டான். ஒருத்தர்ட்டயும் ஒண்ணும் சொல்லல்ல. இண்ணைக்கு ஓமனாட்டெ எல்லாத்தையும் சொல்லிரணும், அவ கொன்னாலும் செரிண்ணு நடந்தான்.

வீட்டில வெளக்கு எரியுது. ஓமனா ஓடி வாறா. எத்தனையோ நாளைக்குப் பெறகு மொகத்தில சிரிப்பு.

“அண்ணன் வந்தாச்சு! முற்றத்தில நிக்குது, வந்து பாருங்க.”

வாழைக்கு அந்தப் பக்கம், இருட்டில... ஆள் ஒசரத்துக்கு ஒரு செம்மண்ணுத் திட்டு. தலையில புல்லு. குறுக்கால, நெஞ்சு இருக்க வேண்டிய எடத்தில, செயின் ஏறி எறங்குன தடம்.

“சோறு தின்னுட்டு உள்ளெ வந்து கெடண்ணு நானும் எவ்வளவோ சொன்னேன்”ண்ணா ஓமனா. “கேக்க மாட்டேங்குது. கெடந்தது போதுமாம்... இனி நிக்கேன்ணு சொல்லுது.”