பஞ்சமியன்று முட்டியது யார்

என் பெயர் வசந்தகுமாரி. வயது ஐம்பத்தேழு. கணவர் வேலாயுதத்துடன் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறேன். என் கை முறிந்தது தொடர்பாக வனவிலங்குத் துறை விசாரணை அதிகாரி திரு. ஃபாரூக் கேட்டதன் பேரில் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கிறேன்.

கடையில் என்னுடன் வேலை செய்யும் உமாமகேஸ்வரி, பொங்கோலில் காட்டோரமாக உள்ள வாராகி அம்மன் சன்னிதிக்கு வரும்படி பல மாதங்களாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாராகிக்குப் பன்றி முகம். அங்கே சிலைக்கு மட்டுமல்ல, காட்டிலிருந்து வரும் நிஜப் பன்றிக்கும் பூசை உண்டு என்றார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருடைய நச்சரிப்பு தாங்காமல் சென்ற பஞ்சமியன்று வேலை முடிந்ததும் அவருடன் போனேன்.

பூசாரி இளமாறன் அம்மனுக்குத் தீபம் காட்டினார். அதன் பிறகு அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை வாழையிலையில் வைத்து, வெளியே கால்வாய்ப் பக்கம் படைத்தார். அதன் பிறகு எல்லாரும் இலைக்கு முதுகு காட்டிக் கைகூப்பி நிற்க வேண்டும் என்றார். பன்றி தின்றுவிட்டுப் போகும்வரை யாரும் திரும்பக் கூடாது என்பது அங்கே வழக்கம். காட்டு விலங்குக்குத் தீனி போடுவது குற்றமாயிற்றே என்று நான் கேட்டேன். அதற்குப் பூசாரி, "நான் அம்மனுக்குத்தாங்க படைக்கிறேன். யார் சாப்பிடுறாங்கன்னு நான் பாக்குறதே இல்ல" என்றார்.

சற்று நேரத்தில் பின்னால் உறுமலும் மெல்லும் சத்தமும் கேட்டன. "பன்னி வந்துடுச்சு போல" என்றேன். உமாமகேஸ்வரி திரும்பாமலேயே, "பன்னியாம் பன்னி! அம்மான்னு சொல்லுங்கக்கா" என்று கடிந்துகொண்டார். "எங்கம்மா புக்கிட் மேராவுல இருந்தாங்க லா, காட்டுல இல்ல" என்றேன்.

அதன் பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். பெரிய பெண் பன்றி. மடி கனத்துத் தொங்கியது. கால்வாய் ஓரத்தில் முதுகெல்லாம் வரிவரியாகக் குட்டிகள் நின்றன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. கணவருக்குக் காட்டலாம் என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு, குட்டிகள் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகத் தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய் நின்றேன். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. அடுத்த கணம் தரையில் கிடந்தேன். வலி பொறுக்காமல் "அம்மா! அம்மா!" என்று கத்தினேன். எனக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்து ஒருவரும் திரும்பவில்லை. உமாமகேஸ்வரி, "கூப்பிடுங்கக்கா, நல்லா கூப்பிடுங்க" என்று சொல்லி அழுதார். பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போன பிறகுதான் என்னைத் தூக்கினார்கள்.

மருத்துவமனையில் இடது மணிக்கட்டு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு என் கணவர் கோபத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பன்றி என்னைத் தாக்கியதாகப் புகார் கொடுத்துவிட்டார். நடந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பன்றி ஆளைத் தாக்கியது உறுதியானால் அதைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று அதிகாரி சொன்னார். குட்டிகள் இன்னும் பால் குடிக்கின்றனவே, அவற்றின் கதி என்ன என்று கேட்டேன். அவர், "பன்றி உங்களை முட்டுச்சா இல்லையா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

முட்டவில்லை. அது தன் குட்டிகளிடம் போய்க்கொண்டிருந்தது. நான்தான் குறுக்கே போய் அதை முட்டினேன்.

"மனுஷங்க போய்ப் பன்றியை முட்டினாங்கன்னு எழுதினா மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க மேடம்" என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும், சொன்னதை எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். முட்டியது நான்தான் என்ற வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன்.

ஒப்பம்: வசந்தகுமாரி