கை தூக்காத ஆள்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில், விருதுநகரை நெருங்கும்போது முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தன் மதினியிடம் சொன்னாள்:

“அந்த இங்கிலீசுப் படம் முழுக்க ஒரே ரூமுதான் மதினி. பாட்டு இல்ல, சண்ட இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“ரூமுக்குள்ள என்ன செய்றாக? சீட்டு ஆடுறாகளா?”

“பேசுறாக. ஒரு பையன் மேல கொலைப் பழி. அந்த நாட்டுல சாதாரண ஆளுக கூடி உக்காந்துதான் தீர்ப்புச் சொல்லணுமாம். அவன்தான் செஞ்சான்ங்கறவுக கை தூக்குங்கன்னதும் அம்புட்டுப் பேரும் தூக்கிட்டாக. ஒருத்தரு மட்டும் தூக்கல. ‘இருங்க, கொஞ்சம் பேசிப் பாப்போம்’ங்காரு.”

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“பட்டாசுக் கம்பெனி வெடிச்சு உங்க அண்ணன் செத்த அன்னைக்குப் புகைகூட அடங்கல. மருந்துத் தட்டத் தூக்காமத் தரையில இழுத்துருப்பான், உரசிப் பத்திக்கிருச்சுன்னு ஊரே சொல்லிருச்சு. இன்னைக்கு நாம போற விசாரணையிலயும் அதத்தான் சொல்லுவாக. அவுக ஒருநாளும் இழுத்ததில்லன்னு கூட வேல பாத்தவுகளுக்குத் தெரியாதா?”

“தெரியும் மதினி. கம்பெனிக்காரகளுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்ல மாட்டாக.”

“அந்தக் கை தூக்காத ஆளு, பையனுக்குச் சொந்தமா?”

“இல்ல மதினி. அவன் யாரு எவருன்னே தெரியாது.”

“யாருன்னே தெரியாதவனுக்கா பேசுனாரு?”

“ஆமா.”

கண்டக்டர் பழைய பஸ் ஸ்டாண்டு என்று குரல் கொடுத்தார். மதினி எழுந்திருக்கவில்லை.

“ஏ புள்ள, ஒன் செல்லுல இருந்தா அந்த ஆளு மூஞ்சிய ஒருக்காக் காட்டு. பாத்துட்டு எறங்குவோம்.”