மேலே பின் பண்ணியிருக்கிறது

தக்காளி விலை வானத்தில் ஏறிய வருடம். நம் நாட்டுக் கலம் நிலாவில் இறங்கிய வருடம். நிலா வரைக்கும் வழி தெரிந்த அந்த ஆவணியில், கிளிஞ்சல்மேட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் ஒரு படகு போனது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தலைமை ஏற்றிருக்கும் குழு நிர்வாகி அஜ்மீர் அவர்களே, பஞ்சாயத்துப் பெரியவர்களே, கடலைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்த தாய்மார்களே, கையில் போனும் காதில் என் பேச்சுமாக இருக்கும் தம்பிமார்களே, பூமிநாதனின் வணக்கம்!

நமது படகுக் கருவி உதவிக் குழுவுக்கு இன்று ஐந்தாம் ஆண்டு விழா. போனுக்குள் ஆயிரத்து இருநூறு பேர். கைதட்டுங்கள். தட்டிவிட்டுக் கேளுங்கள்.

அந்த ஆவணியில் உத்திராபதி குழுவில் குரல் பதிவு போட்டார். “அண்ணே, ஜிபிஎஸ் செகண்ட்ஸ்ல வாங்குனேன். பழைய ஆளு அவரு ஊர வீடுன்னு போட்டு வச்சிருக்காரு. அத எடுத்துட்டு நம்மூரப் போடணும். எந்தப் பட்டன அமுக்கணும்? சொல்லுங்கண்ணே.”

என்ன பதில் வந்தது?

“ஆரம்பிச்சுட்டாங்கப்பா! இந்த வாரத்துல நாலாவது ஆளு.”

“மேல பின் பண்ணியிருக்குல்ல, கண்ணு தெரியலயா?”

“எனக்குப் படிக்க வராதுண்ணே. வாயால சொல்லுங்க.”

“அப்பறம் எதுக்குய்யா ஜிபிஎஸ்சு? நட்சத்திரத்தப் பாத்துப் போ!”

தொண்ணூறு சிரிப்பு மூஞ்சி விழுந்தது. ஆமாம்மா, தொண்ணூறு. எண்ணினேன்.

குழுவின் உச்சியில் பின் பண்ணிய விளக்கப் பதிவு அறுபது வரி. எனக்கும் எழுத்து தெரியாது. மருமகள் சந்திரலேகா படித்துச் சொல்ல, மூன்று பட்டன் என்று விரலில் ஏற்றி வைத்திருந்தேன். மூன்றே பட்டன்! நான் சொன்னேனா? மேலே காட்டும் விரல் படம் ஒன்றைப் போட்டேன். போட்டால் படித்தவன் மாதிரி இருக்கும் என்று போட்டேன்.

என்ன அஜ்மீர், துண்டுச் சீட்டா? என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நேரமாச்சா? முடிச்சுடுறேன்.

நாலாம் நாள் கடலில் பகலிலேயே கண்ணை மறைக்கும் மழை. படகில் உத்திராபதி, தம்பி அன்பழகன், கூட ஒருவர். மூன்று பேரும் வீடு என்ற பட்டனை நம்பினார்கள். அது பழைய ஆளின் வீடு. அந்தக் கரையில் அதற்குள் அலை தடுக்கக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். படகு அதில் போய் மோதியது.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். ஒரே குரல்தான், பதினோரு படகு அந்தப் பக்கம் திரும்பியது. முன்னாலேயே சொல்லியாயிற்று என்றோமா? மேலே பார் என்றோமா? மழையைக் கிழித்துக்கொண்டு போனோம். கடலில் கூப்பிட்டால் ஓடுகிற அதே ஆட்கள்தானே, கரையில் கேட்டால் சிரித்தோம்? போய்ச் சேர்ந்தபோது கல்லிடுக்கில் இரண்டு உடல் கிடந்தது.

அந்த மூன்றாமவர் இரண்டு வருடம் கடல் பக்கம் போகவில்லை. நாளை போகிறார். நேற்று குழுவில் சேர்ந்து அதே கேள்வியைக் கேட்டார். வந்த ஒரே பதில், மேலே காட்டும் விரல்.

பதிவை எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும். கேட்டவருக்கு வாயைத் திறந்து சொல்லுங்கள். நூறாவது தடவையும் சொல்லுங்கள். கேட்கிற அவருக்கு அது முதல் தடவை!

பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி, வணக்கம். மூன்று பட்டனையும் காட்டிக் கொடுக்க இறங்கிப் போகிறேன். கடைசி வரிசையில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உத்திராபதி இல்லை. அன்பழகன் இல்லை. அந்தப் படகில் உயிரோடு மிச்சம் இவர் ஒருவர்: நீலமேகம்.