ஏழாவது சிலிண்டரின் சுவர்

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், நன்றி இன்ஸ்பெக்டர். வைத்தியர் நிறுத்தச் சொல்லி இரண்டு வருடமாகிறது. சொன்னதைக் கேட்டு நடக்கிற ஆள் நான்.

எஞ்சின் பிளாக் தெரிவு செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய அமெரிக்க மஸில் கார்களில் வேகத்தைக் கூட்டுவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எட்டுச் சிலிண்டரும் அந்த இரும்பு வார்ப்புக்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை உள்ளே கடைந்து அகலமாக்கும்போதும் அவற்றின் சுவர் மெலியும். நாலு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நான் தொடமாட்டேன். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் கராஜில் பதினொரு வருடமாக அளந்தது நான். அளவைச் சோக்கால் பிளாக்கிலேயே எழுதுவேன். கராஜில் சமபங்குள்ள என் கூட்டாளி கிறிஸ்துராஜா மறுபடி அளந்து, பக்கத்தில் சரி போட வேண்டும். நாங்களே வைத்த விதி. இன்னொன்றும் உண்டு: எஞ்சினைக் கட்டியவன் முதல் ஓட்டத்தில் பக்கத்துச் சீட்டில் இருக்க வேண்டும்.

அவர் அளந்ததே இல்லை. "சிவா அண்ணை அளந்தாப் பிறகென்ன" என்று சரி போட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அதை நம்பிக்கை என்பீர்கள். எனக்கு அலட்சியமாகப் பட்டது.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், "இவர் கராஜில எனக்கு உதவிக்கு நிக்கிறவர்" என்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். என் மனைவி செல்வமலர் பக்கத்தில் நின்றாள். நான் சிரித்தேன், சாப்பிட்டேன், கைகொடுத்துவிட்டு வந்தேன். வயிறு எரிந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மார்ச்சில் தன் சொந்தக் காருக்கு எஞ்சின் கட்டச் சொன்னார். இரண்டு பிளாக் இருந்தன. ஒன்று பந்தயத்துக்கென்றே புதிதாக வார்த்தது. மற்றது காரோடு வந்த பழையது. "காரின்ர நம்பரும் இதின்ர நம்பரும் பொருந்துது அண்ணை. இதையே போட ஏலுமே?" என்று ஆசையோடு கேட்டார்.

அளந்தேன். ஏழாவது சிலிண்டரில் ஒரு பக்கம் இரண்டேகால்தான். சோக்கை எடுத்து நாலேகால் என்று எழுதினேன். "ஓம், ஏலும்" என்றேன்.

ஆளைக் கொல்லவேண்டுமென்று நினைக்கவில்லை. ஒருதரமாவது அவர் அளக்கவேண்டும், அவ்வளவுதான். அளக்கிற கருவி ஒரு கிழமை முழுவதும் மேசையில் கிடந்தது. அவர் சரி போட்டார். நான் எஞ்சினைக் கட்டினேன். மற்ற வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்கமாட்டீர்கள்.

முதல் ஓட்டம் எசெக்ஸில், கைவிட்ட விமான ஓடுபாதை ஒன்றில். "ஏறுங்கோ அண்ணை" என்றார். இடுப்பு வலிக்கிறது என்றேன்.

"அப்ப நான் வரட்டே அப்பா?" என்றாள் அவருடைய மகள் ஷெறோன். பத்தொன்பது வயது.

முழு வேகம் பிடித்ததும் அந்தச் சிலிண்டரின் சுவர் வெடித்தது. எஞ்சின் பிளந்து எண்ணெய் பின்சக்கரங்களுக்கடியில் கொட்டியது. கார் சுழன்று ஓரத்துக் கொங்கிறீற் கட்டையில், அவள் இருந்த பக்கமாக மோதியது. கிறிஸ்துராஜா பிழைத்தார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்கள் ஏறேல்லை அண்ணை" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பல்ல, எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதுங்கள். அந்தப் பந்தய பெல்ட்டை எப்படிக் கொழுவுவது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. நான்தான் குனிந்து கொழுவி, இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை.