மொட்டைமாடியில் ஒரு மரநிழல்

— சோலார் பேனல்ல கோளாறே இல்லை சார். நிழல் விழுது, அதான் மதியமானா கரண்ட் வரலை. அந்த மரத்தை வெட்டிட்டா சரியாயிடும்.

— எந்த மரத்தை?

— இதோ, பேனல் மேல இலையெல்லாம் ஆடுதே சார். இந்த நிழலுக்குச் சொந்தக்கார மரத்தை.

— அதைப் போன மாசமே வெட்டியாச்சு தம்பி. உங்க கம்பெனி ஆளு சொல்லித்தான்.

— என்னங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்.

— பாப்பா முழிச்சுட்டுத்தானே படுத்திருக்கா? அப்புறம் என்ன?

— முழிச்சுட்டிருந்தா கத்தணுமா?

— சார், எட்டிப் பார்த்தேன். கீழ மரமே காணோம். அடிக்கட்டை மேல செருப்புதான் இருக்கு.

— செருப்பு ஸ்டாண்டு. எதையும் வீணாக்கக் கூடாதுங்கறது இந்த வீட்டோட கொள்கை.

— அப்ப இந்த நிழல்?

— அதைப் பார்க்கத்தானே உன்னை வரச் சொன்னேன்.

— நான் வயரிங் ஆளு சார். இதுக்கு வேற ஆளு வேணும். ஏன் அக்கா, பச்சைக் குழந்தையை உச்சிவெயில்ல மாடியில போட்டிருக்கீங்க?

— வெயில் எங்கப்பா இருக்கு? கையை இப்படி நீட்டு.

— ஆமாக்கா. ஜில்லுனு இருக்கு. காத்துகூட வருது.

— கீழ வீடு அடுப்பாட்டம் கொதிக்குது. எட்டாம் மாசமே பிறந்த பிள்ளை. சூடே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பால் குடிக்காம துவண்டு கிடந்தா. ஏசி போட்டா, வெயில் ஏறுற நேரம் பார்த்து நின்னுடுது.

— பழைய கரண்ட் ஆபீஸ் லைன்ல ஓட்டலாமே?

— உங்க சார்தான் அதைத் திருப்பிக் கொடுத்துட்டார். லைன் இருந்தா ‘முழுப் பசுமை இல்லம்’னு வாசல்ல போர்டு மாட்ட மாட்டாங்களாம்.

— இவ இப்படித்தான் தம்பி. கணக்கு சுலபம். மரம் போனா கரண்ட். கரண்ட் வந்தா ஏசி. ஏசி போட்டா குளிர்ச்சி. பூமிக்கும் நல்லது, நமக்கும் வசதி.

— மரம் இருந்தப்ப குளிர்ச்சி நேரா வீட்டுக்கே வந்துட்டிருந்தது. இப்ப இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கி வரணும்.

— பேனலை அந்தப் பக்கம் மாத்திடலாமா தம்பி?

— அங்க தண்ணி டேங்க் இருக்கே சார். இங்க விட்டா இடமே இல்லை.

— அப்படியே இருக்கட்டும்ங்க. இந்த நிழல்ல படுக்க வெச்ச அப்புறம்தான் பிள்ளை வயிறார குடிக்கறா. நேத்து சிரிச்சா. பிறந்ததுலேர்ந்து நேத்துதான்.

— இல்லாத மரத்தடியில எத்தனை நாளைக்குப் பிள்ளை வளர்ப்பே?

— அதுக்குத் தெரியற வரைக்கும்.

— எதுக்கு? என்ன தெரியற வரைக்கும்?

— காதைக் கொடுங்க. தன்னை வெட்டினது அந்த மரத்துக்கு இன்னும் தெரியலைங்க. தெரிஞ்சா போயிடும். அதான் உங்களை மெதுவாப் பேசச் சொல்லிட்டே இருக்கேன்.

— சார், எனக்கு இன்னொரு வீட்டுல வேலை இருக்கு. நான் கிளம்பறேன்.

— நில்லு தம்பி. ரெண்டு பட்டம் வாங்கினவ பேசற பேச்சா இது? நானே சொல்லிடறேன், விஷயம் முடியட்டும். ஏ மரமே, உன்னை வெட்டியாச்சு. அறுத்துப் பலகையாக்கியாச்சு. காலையில உன் மேல உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

— ஐயோ, என்னங்க இது.

— என்ன ஆச்சு இப்ப? ஒண்ணும் ஆகலையே.

— சார், மீட்டர் ஏறுது. முழுசா வருது சார்.

— பார்த்தியா? போ, போய் ஏசியைப் போடு.

— தம்பி போடட்டும். வீடு குளிர நேரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க இங்க வந்து, கையை நல்லா விரிச்சுட்டு, அசையாம நில்லுங்க. பாப்பா முகத்துல வெயில் விழுது.