கரடியை விரட்டியவர்கள்

அக்கா: கையை ஆட்டாதே. ஊசி ஆழமாப் போயிடும்.

தம்பி: வலிக்குதுக்கா...

அக்கா: கரடியை விரட்டின கைக்கு ஒரு சிராய் வலிக்குதா?

தம்பி: அது வேற, இது வேற. மாமா, நீங்களே சொல்லுங்க. நான் கம்பைச் சுழட்டினேனா இல்லையா?

மாமா: ம்.

அக்கா: என்னங்க, ‘ம்’னா? டூர் வந்த இடத்துல, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துல, உங்க கம்பெனி டைரக்டர் முன்னாடி அவ்வளவு நேரம் பேசிட்டு, பொண்டாட்டிக்கு மட்டும் ஒரு ‘ம்’தானா?

மாமா: நான் எங்கே பேசினேன்? உன் தம்பிதான் பேசினான். நான் தலையாட்டினேன்.

தம்பி: நல்லாத்தான் ஆட்டினீங்க. அதனாலதான் டைரக்டரே நம்பி... ரசிச்சுக் கேட்டாருன்னு சொல்ல வந்தேன்.

அக்கா: எனக்கு ஒரு தடவை ஒழுங்காச் சொல்லு. நான் கறுப்பன் காதுக்கு மருந்து போட்டுட்டு இருந்தேன், பாதிதான் கேட்டுச்சு.

தம்பி: காலையில நானும் மாமாவும் கறுப்பனைக் கூட்டிக்கிட்டு மலையேறினோமா...

அக்கா: நாய்ச் சங்கிலியைக் கழட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

மாமா: கழட்டலை.

தம்பி: வளைவு தாண்டினதும் கரடி. மண்ணைத் தோண்டிக்கிட்டு நிக்குது. இந்த அறைக் கதவு உசரம் இருக்கும்.

மாமா: அவ்வளவு இல்லை.

தம்பி: நிமிர்ந்தப்ப, மாமா. நிமிர்ந்தப்ப. உடனே மாமா என்ன பண்ணினாரு தெரியுமா? “ஓடாதே, கண்ணைப் பார்க்காதே, மெதுவாப் பின்வாங்கு”ன்னாரு. தொழிற்சாலையில தீயணைப்புப் பயிற்சி நடத்துவாரே, அதே குரல். பாதுகாப்பு அதிகாரின்னா சும்மாவா?

அக்கா: நீ என்ன பண்ணினே?

தம்பி: கம்பை எடுத்து நாலு சுழட்டுச் சுழட்டி, போன்னேன்.

அக்கா: போயிடுச்சா?

தம்பி: கொஞ்சம் யோசிச்சுது. அப்புறம் போச்சு.

அக்கா: பேச்சுக்குக் கட்டுப்பட்ட கரடி. சரி, கறுப்பன்?

தம்பி: அதை ஏன் கேக்கறே... கரடியோட முகரையைப் பார்த்ததும் மாமா கையிலேர்ந்து சங்கிலியைப் பிடுங்கிக்கிட்டு எடுத்துதே ஓட்டம். திரும்பிக்கூடப் பார்க்கலை. நாங்க இறங்கி வர்றதுக்குள்ள அது இங்கே வந்து உன் கட்டிலுக்கு அடியில படுத்திருக்கு.

அக்கா: ஓடி வந்தவனுக்குக் காது எப்படிக் கிழிஞ்சுது?

தம்பி: முள்ளு.

அக்கா: இப்படி வரிசை பிடிச்சா கிழிக்கும் முள்ளு?

தம்பி: காட்டு முள்ளுக்கா. நம்ம தெரு முள்ளு மாதிரியா இருக்கும்?

அக்கா: ஓகோ... இரு, வந்துடுச்சு. இதோ பாரு, சிராயை. நகம் நீளம் இருக்கு.

தம்பி: தூக்கிப் போடுக்கா. அதைப் போய் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துக்கிட்டு...

அக்கா: பச்சையா இருக்கு.

தம்பி: பச்சை மரம்.

அக்கா: உரிஞ்சு வருதேடா. பெயின்ட்டு. காட்டுல கம்புக்கெல்லாம் பெயின்ட் அடிச்சா வெச்சிருக்காங்க?

தம்பி: அது... மாமா?

மாமா: பாதி வழியில ஒரு காவல் குடில் இருக்கு. மரத்துல கட்டினது. கதவுக்குப் பச்சை அடிச்சிருப்பாங்க.

தம்பி: ஆமாமா. அதுல சாய்ஞ்சு நின்னு தண்ணி குடிச்சேன்.

அக்கா: உள்ளங்கையாலயா சாய்ஞ்சே?

தம்பி: அக்கா, நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ.

அக்கா: உன்னைத்தான் சேர்த்துக்கப் போறாங்களாமே. டைரக்டர் ஏதோ சொன்னாராம்?

தம்பி: காவல் பிரிவுல மேற்பார்வைக்கு ஆள் வேணுமாம். “கரடிக்கே அசராதவனை எங்கே போய்த் தேடறது? வர்ற வாரமே வந்து சேரு”ன்னாரு. வேலை தேடி எத்தனை படி ஏறியிருப்பேன்... ஒரு மலை ஏறினதும் கிடைச்சுடுச்சு. மாமாவையும் பேசச் சொல்லியிருக்காரு. ‘நெருக்கடியில் நிதானம்’னு. தொழிலாளிங்க எல்லாரையும் உட்கார வெச்சு.

அக்கா: நீங்க சொல்லவே இல்லையேங்க?

மாமா: சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லை. கறுப்பா... இங்கே வாடா. பிஸ்கட் பாரு... கறுப்பா...

அக்கா: வர மாட்டான். நீங்க அறைக்குள்ள வந்ததுலேர்ந்து சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கான். தினமும் உங்க செருப்புச் சத்தம் தெருவுல கேட்டாலே வாசலுக்குப் பாயறவன்.

தம்பி: ஓடிப்போன வெட்கம்.

அக்கா: இருக்கும். நானும் அதைத்தான் யோசிச்சேன். என்னங்க, கொஞ்சம் இப்படி உட்காருங்க. ஒரு முடிவு எடுக்கணும்.

மாமா: என்ன முடிவு?

அக்கா: வாடகை வீட்டுக்காரர் நாய் ஆகாதுன்னு குதிச்சுக்கிட்டு இருக்காரு. உங்களுக்கு ராத்திரி ஷிப்ட்டு, எனக்கு ஒரு துணை வேணும், ஆபத்துன்னா முன்னாடி நிக்கறவன்னு நான்தான் அவர்கிட்ட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஆபத்தைக் கண்டதும் ஓடறவன்னு தெரிஞ்ச பிறகு எந்த வாயால சண்டை போடறது?

மாமா: அதுக்கு?

அக்கா: இந்த விடுதிச் சமையல்காரருக்கு இவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. விட்டுட்டுப் போங்க, நான் வளர்க்கறேன்னு காலையிலேர்ந்து கேக்கறாரு. வேன் கிளம்பறதுக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

மாமா: இங்கேயே... விட்டுட்டா?

அக்கா: மலைக் காத்து, மிச்சச் சாப்பாடு. நல்லாத்தான் இருப்பான்.

தம்பி: நல்ல யோசனைக்கா. அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. நான் வேணா சமையல்காரரைக் கூப்பிடட்டுமா?

மாமா: நீ உட்காரு மச்சான்.

தம்பி: இல்ல மாமா, வேன் வந்துடும்...

மாமா: உட்காருன்னேன்.

அக்கா: அவன் மேல ஏன் பாயறீங்க? உங்களுக்கு மனசில்லைன்னா சொல்லுங்க. ஆனா காரணம் சொல்லணும். வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்ல?

மாமா: ஓடாத நாய்னு சொல்லு.

அக்கா: பொய்யா?

மாமா: பொய் இல்லை.

தம்பி: மாமா... வேலை, மாமா.

அக்கா: உனக்கு ஏண்டா வேர்க்குது? நீங்க சொல்லுங்க.

மாமா: கறுப்பன் ஓடலை.

அக்கா: அப்ப யாரு ஓடினது?



தம்பி: ஓட்டம்னு சொல்ல முடியாதுக்கா. பின்வாங்கினோம். கொஞ்சம் வேகமா.

அக்கா: எது வரைக்கும்?

தம்பி: குடில் வரைக்கும்.

அக்கா: பச்சைக் கதவு.

தம்பி: அதை இழுத்துச் சாத்தினப்பத்தான் சிராய் ஏறுச்சு. போதுமா? அந்தக் கரடியை நீ பார்த்திருந்தா நீயும் சாத்தியிருப்பே.

அக்கா: சாத்தியிருப்பேன். அதுல தப்பே இல்லை. உயிர்னா எல்லாருக்கும் பயம்தான். உள்ளே யார் யாரு?

தம்பி: நானும் மாமாவும்.

அக்கா: கறுப்பன்?

தம்பி: அங்கேதான்க்கா சின்னதா ஒரு பிசகு. மாமாவுக்குப் பழக்க தோஷம். தாழ்ப்பாள் போடறதுக்கு முன்னாடி ஆளை எண்ணணும்னு பயிற்சியில சொல்லித் தருவாரு இல்லே? அந்த நடுக்கத்துலயும் எண்ணினாரு. நான் ஒண்ணு, அவரு ஒண்ணு. “எல்லாரும் வந்தாச்சு”ன்னு தாழ்ப்பாளைப் போட்டுட்டாரு. நாய் அந்தக் கணக்குல வராது பாரு.

அக்கா: சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. சங்கிலி உங்க கையில இல்லையா?

மாமா: ஓடினப்பவே விட்டுட்டேன்.

அக்கா: அப்ப கரடியை விரட்டினது...

மாமா: கறுப்பன்தான். ஜன்னல் ஓட்டை வழியா கொஞ்சம் தெரிஞ்சுது. கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். கரடி ஒரு அறை விட்டுது. அப்பவும் நகரலை. கடைசியில அது சலிச்சுப் போய்த் திரும்பிடுச்சு.

அக்கா: அடப் பாவமே... சரி விடுங்க. எதிர்ல நின்னது கரடிங்க. தலை கால் புரிஞ்சிருக்காது. எண்ணும்போது மறந்து போச்சு, அவ்வளவுதானே? வேணும்னு செய்யலையே. அவனும் வாயில்லாத ஜீவன்தான், நாலு நாள்ல மறந்துடுவான். அவனைக் கூட்டிட்டே போவோம். வீட்டுக்காரரை நான் பார்த்துக்கறேன்.

தம்பி: அதான்க்கா. வேணும்னா செஞ்சோம்? பாவம், தாழ்ப்பாள் போட்டப்ப அது வெளியில இருக்கறதே எங்களுக்குத் தெரியாது. மாமா, போதும், வாங்க. வேன் ஹாரன் அடிக்கறான்.

அக்கா: என்னங்க, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கீங்க? நான்தான் விடுங்கன்னு சொல்லிட்டேனே.

மாமா: தாழ்ப்பாள் போட்டதும் கதவை யாரோ வெளியிலேர்ந்து பிராண்டற சத்தம். மச்சான் கரடின்னான். நானும் ஆமா, கரடிதான்னேன். ரெண்டு பேருமா முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடிச்சோம்... கரடி குரைக்காதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.