ஜெராய் மலைக்கு இடப்பக்கம்

எங்கள் ஜித்ரா வான்நோக்குக் குழுவில் உருப்படியானது கூட்டத்தில் சுடச்சுடக் கொடுக்கும் கறிபாப் பலகாரம் மட்டும்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு.

தலைவன் பிரெடி. தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். பினாங்குக்குப் போகும் விமானத்தைக் காட்டி வால்நட்சத்திரம் என்பான், ஊரே கைதட்டும். நான் திருத்தினால், "போகட்டும் அண்ணே, ஆளுங்க சந்தோசமா இருக்கட்டும் லா" என்று சிரிப்பான். அவனைத்தான் மறுபடி மறுபடி தலைவனாக்கினார்கள்.

தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் அவன் தவறி விழுந்து இறந்ததாக நீங்கள் முடிவு செய்தீர்கள். அன்று மாலை நான் ஜித்ராவில் வீட்டில் இருந்ததாகச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

அதே மாலைதான் அந்தப் பெரிய எரிகல் விழுந்தது. காரியங்கள் முடிந்து குழு கூடியபோது ஆளாளுக்குக் கண்டதை ஒப்பிட்டார்கள். பழனியாண்டிக்கு அது சிவப்பு. வாசுகிக்கு அது அவள் வீட்டு மாமரத்தில் விழுந்ததாம். ஜெராய் மலைக்கு வலப்பக்கம் இறங்கியது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். பிரெடியின் மனைவி ஸ்டெஃபனி வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு கறிபாப் தின்றிருக்கலாம். ஆனால் தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வராது. "பச்சை நிறம். ரெண்டா உடைஞ்சது. மலைக்கு இடப்பக்கம்" என்றேன்.

அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, அது விழுந்தது கடல் பக்கம். இங்கேருந்து பார்த்தா கடல் மலைக்கு வலப்பக்கம். இடப்பக்கமா தெரியணும்னா மலைக்கு அந்தாண்ட, தஞ்சோங் டாவாயில நிக்கணும்."

அந்தக் கூட்டத்தில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான். பிரெடிக்கு வாக்கப்பட்டது அவள் தலையெழுத்து.

ஆமாம், நான்தான். வெள்ளி கிரகத்தைக் காட்டுகிறேன் என்று அவனை அழைத்துப் போனேன். துறையின் கோடியில் அண்ணாந்து நின்றான். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீருக்கு மேலே ஒரு கையைத் தூக்கினான். கை காட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். எரிகல். அதன் புகைக்கோடு கலையும்வரை பார்த்தேன். குனிந்தபோது கை இல்லை.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பிரெடி சரியாகக் காட்டினான். அதைக் கூட்டத்தில் சொல்லி அவனுக்குரிய பெயரைக் கொடுக்காமல் விட்டேன். என் பங்கில் நடந்த தவறு அது ஒன்றுதான் ஐயா.